நடு நாற்காலியும் சாய்ந்த காயலும்

யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்காமல் என்னால் உட்கார முடியாது. காபி ஆறினாலும் பரவாயில்லை, முதலில் படம். என் கணவர் இருந்தவரை இதற்காகவே என்னை வெளியே அழைத்துப் போகத் தயங்குவார். "அவங்க வூட்டு செவுத்த நீ ஏன் சரி பண்ற?" என்பார். என்ன செய்வது, தொழில் புத்தி. கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே பழகிய கண் இது.

அப்படிப்பட்ட நான் எடுத்ததிலேயே படு கோணலான படம்தான் இந்த டவுன்ஷிப்பில் நிறைய வீடுகளில் தொங்குகிறது. புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் போன வாரம் என் வீட்டுக்கு வந்தபோது அதைத்தான் முதலில் கேட்டீர்கள். "மேடம், அந்த போட் படத்துல தண்ணியே சாஞ்சிருக்கே, கம்ப்யூட்டர்ல நேராக்கி இருக்கலாமே?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். கேட்கும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. கிழவிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று நினைத்திருப்பாள். எனக்கு அது ஒரு நிமிட வேலைதான் கண்ணு. ஏன் செய்யவில்லை என்பதை அன்றைக்கு வாயால் சொல்லத் தொடங்கினால் உங்கள் பஸ் போயிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் நெல்லிக்குப்பத்தில் பிறந்தவள். கல்யாணம் ஆகி நெய்வேலிக்கு வந்தேன். கணவர் மெயின் பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பக்கவாதம் வந்து அவருக்கு ஒரு பக்கம் கை விழுந்தபோது கேமராவை நான் எடுத்தேன். கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுத்தாலும் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது டூர்தான். இங்கே சுரங்கத்தில் வேலை செய்கிற குடும்பங்கள் கம்பெனி பயணச் செலவு கொடுக்கிற எல்.டி.சி. சலுகையில் ஊர் சுற்றக் கிளம்பும். ஒரே பிளாக்கில் இருக்கிற நாலைந்து வீடு சேர்ந்து ஆரம்பித்து, கடைசியில் ஒரு பஸ் ஆகிவிடும். பஸ்ஸில் சமையல்காரர் ஒருவர், பலாப்பழம் ஒன்று, போட்டோக்காரம்மா ஒருத்தி. பெண்களுக்கு நான் கூட இருந்தால் நிம்மதி. அருவியில் நனைந்த புடவையோடு நின்றாலும் கூச்சப்பட மாட்டார்கள்.

போட்டோவுக்கு இந்த ஊரில் ஏன் இவ்வளவு மரியாதை என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. ஒரே சுவர், ஒரே ஜன்னல், வாசலில் ஒரே மாதிரி வேப்பமரம். மதுரையிலிருந்து வந்தவர் வீடும் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் வீடும் ஒன்றுதான். ஹாலில் மாட்டியிருக்கும் படத்தை வைத்துத்தான் இது யார் வீடு என்று தெரியும். தாஜ்மகால் வீடு, பனிமலை வீடு, கன்னியாகுமரி வீடு என்று நானே அடையாளம் வைத்திருந்தேன். ரிடையர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற அன்றைக்குக் கடைசியாகக் கழற்றுகிற பொருளும் அதுதான்.

தாஜ்மகால் என்றதும் ஞாபகம் வருகிறது. குவிமாட உச்சியை விரலால் பிடித்துத் தூக்குகிற மாதிரி போஸ் கொடுக்கச் சொல்லி யாராவது உங்களைக் கேட்டால், எடுத்துக் கொடுங்கள். சண்டை போடாதீர்கள். அது அவர்கள் ஆசை. ஆனால் அதோடு கேமராவை மூடிவிடாதீர்கள். விரலை இறக்கிவிட்டு "வெயில் மண்டையப் பொளக்குது, தண்ணி இருக்கா?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்பார் பாருங்கள், அந்த முகத்தை எடுங்கள். இடம் எல்லோருக்கும் பொது. அந்த இடத்தில் அன்றைக்கு அவர் எப்படி இருந்தார் என்பது அந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான் சொந்தம். இன்னொன்று, எல்லோரும் ஓடிப்போய் ஒன்றைப் பார்க்கும்போது நீங்களும் ஓடாதீர்கள். எதிர்ப்பக்கம் போய் நின்று, பார்க்கிறவர்களைப் பாருங்கள். இதை நான் நல்ல படத்துக்காகத்தான் கற்றுக்கொண்டேன். உயிருக்கும் உதவும் என்று அப்போது தெரியாது.

இனி எனக்குப் பிடிக்காத விஷயத்துக்கு வருகிறேன். குரூப் போட்டோ வரிசை.

இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குப் பல் முளைப்பதற்கு முன்பே குரூப் போட்டோவில் தன் இடம் தெரிந்துவிடும். ரிடையர்மென்ட் விழா, பாதுகாப்பு வார விழா, பொங்கல் விழா என்று எத்தனை விழா! நடு நாற்காலி பெரிய ஆபீசருக்கு. இரண்டு பக்கமும் அடுத்தடுத்த ஆபீசர்கள், அவர்களின் மனைவிகள். பின்னால் நிற்கிற வரிசை பர்மனென்ட் தொழிலாளர்கள், அதிலும் சர்வீஸ் அதிகமானவர் நடுவுக்குப் பக்கத்தில். முன்னால் தரையில் சம்மணம் போட்டுக் குழந்தைகள். யாரும் சொல்ல வேண்டாம். "குரூப் போட்டோ" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வந்து அவரவர் இடத்தில் நின்றுவிடுவார்கள்.

விழாவில் சரி. மலை உச்சியிலும் அப்படியே நின்றால்? நான் கலைத்துப் பார்த்திருக்கிறேன். "சார், நீங்க அந்தப் பாறை மேல உக்காருங்க. அம்மா, நீங்க குழந்தையத் தூக்கிக்கங்க" என்று ஆளுக்கொரு பக்கம் நிறுத்திவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் வருவதற்குள் மறுபடி வரிசை கட்டி நிற்பார்கள். கொடைக்கானலில் எடுத்த படத்தையும் கேன்டீன் வாசலில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் பின்னால் இருக்கிற பனிமூட்டம் மட்டும்தான் வித்தியாசம். திட்டித் தீர்த்திருக்கிறேன். ஒருவர் கேட்டால்தானே.

கேரளாவுக்குப் போன டூரில்தான் இது நடந்தது. வந்திருந்த ஆபீசர்களில் பெரியவர் ஞானசேகரன் சார், குடும்பத்தோடு வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர், கனத்த உடம்பு, கனத்த குரல், ரிடையர் ஆக இன்னும் சில மாதம்தான் இருந்தது. நடு நாற்காலி அவருடையது. நாற்காலி இல்லாத இடத்தில்கூட நடுவில் ஒரு இடம் விட்டு அவர் வரும்வரை காத்திருப்பார்கள். மெஷின் ஆபரேட்டர் தண்டபாணிதான் டூரை ஏற்பாடு செய்தவர். பஸ்ஸில் இடம் மிச்சம் இருந்ததால் தன் தங்கை அமுதாவையும் அவள் புருஷன் வேலுவையும் அவர்கள் மகள் இனியாவையும் அழைத்து வந்திருந்தார்.

வேலுவும் சுரங்கத்தில்தான் வேலை செய்தார். ஆனால் கான்ட்ராக்ட். குவார்ட்டர்ஸ் கிடையாது, எல்.டி.சி. கிடையாது. மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து ஷிப்டுக்கு வந்து போகிறவர். அந்தப் பஸ்ஸில் கான்ட்ராக்ட் ஆள் அவர் ஒருவர்தான். யாரும் அவரிடம் வேறுபாடு காட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சாப்பாடு ஒன்று, பாட்டு ஒன்று, சீட்டாட்டம் ஒன்று. போட்டோ என்று வரும்போது மட்டும் வேலு மறைந்துவிடுவார்.

மறைந்துவிடுவார் என்றால் ஓடி ஒளிய மாட்டார். கையை நீட்டிக்கொண்டு என்னிடம் வருவார். "குடுங்கக்கா, நான் எடுக்கறன். நீங்களும் போயி நின்னுக்குங்க. பாவம், நீங்க எந்தப் படத்துலயும் இல்ல பாருங்க." நல்ல மனசு போலத்தான் இருக்கும். இரண்டு முறை நானும் கொடுத்தேன். மூன்றாவது முறை அவர் வந்து கை நீட்டியபோது, தரையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் வரிசையிலிருந்து இனியா எழுந்து போய்விட்டாள். அமுதா எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

அன்று மதியம் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் சாப்பாட்டுக்குப் பஸ் நின்றது. அமுதா என்னிடம் வந்து புலம்பினாள். "என்னன்னே தெரியலக்கா, இந்தப் புள்ள எந்தப் படத்துலயும் நிக்க மாட்டேங்குது. ஒரே அடம். இவ்ளோ தூரம் வந்து ஒரு படத்துலயும் இல்லன்னா எப்படி?"

"நீ ஏம்மா நிக்க மாட்டேங்கற?" என்று இனியாவிடம் கேட்டேன்.

அவள் அம்மாவின் செல்போனை வாங்கி, தேடித் தேடி ஒரு படத்தைக் காட்டினாள். பிச்சாவரத்தில் எடுத்தது. அமுதாவும் இனியாவும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் காலடியில், மணலில், முழங்கை இரண்டையும் தூக்கியபடி ஒரு நிழல்.

"இதான் அத்த எங்க அப்பா" என்று நிழலைத் தொட்டுக் காட்டினாள். "எல்லாப் படத்துலயும் இப்படித்தான். இஸ்கூல்ல காட்டுனா, ஒங்க அப்பா வரலையான்னு கேக்கறாங்க. அப்பா நின்னாதான் நானும் நிப்பன்."

எத்தனை நிழலை நான் படத்தின் அடியிலிருந்து வெட்டி எறிந்திருப்பேன்! "ஊரு திரும்பறதுக்குள்ள ஒங்க அப்பாவ ஒரு படத்துக்குள்ள புடிச்சுக் குடுக்கறது என் பொறுப்பு" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். வாய் இருக்கிறதே என்று கொடுத்துவிட்டேன், பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தெரியாமல் எடுக்கலாம் என்று லென்ஸைத் திருப்பினால் அவருக்கு முதுகில் கண் இருப்பது போலத் திரும்பிக்கொள்வார். என்னிடம் அவருடைய பின்தலை மட்டும் ஒரு டஜன் படம் இருந்தது.

கடைசியில் ஒரு டீக்கடையில் நேராகவே கேட்டுவிட்டேன். "ஏன் தம்பி, பொண்ணு ஏங்கிப் போவுது. வந்து நின்னாதான் என்ன?"

வேலு டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "எங்க நிக்கறதுன்னு தெரியலக்கா."

"எங்க நின்னா என்ன?"

"ஒங்களுக்குத் தெரியாததா? உக்காந்துகினு இருக்கறது ஆபீசருங்க. பின்னால பர்மனென்ட்டு. நான் மச்சான் பக்கத்துல போயி நின்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா அவுருக்குப் பக்கத்துல நிக்க வேண்டிய ஆளு ஒருத்தரு தள்ளி நிக்கணும். அதெல்லாம் எதுக்குக்கா? கேமராவ வாங்கிக்கினா யாருக்கும் தொந்தரவு இல்ல பாருங்க."

கோபமாகச் சொல்லவில்லை. டீக்குச் சர்க்கரை போதும் என்று சொல்வது போலச் சொன்னார். அன்று இரவெல்லாம் அந்த வரிசை மீதுதான் எனக்கு எரிச்சல்.

மறுநாள் காயலில் படகுச் சவாரி. கூரை போட்ட எஞ்சின் படகு. பக்கவாட்டில் முழங்கால் உயரத்துக்குக் கம்பி. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை கொடுத்தார்கள். ஏறியவுடன் பாதிப் பேர் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள், புதுப் புடவை மறைகிறதாம். போட்டோ எடுக்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. எந்தப் படத்துக்காகவும் அந்தச் சட்டையைக் கழற்றச் சொல்லாதீர்கள். கழற்றினால் நான் படம் எடுக்க மாட்டேன் என்று நான் சொன்னேன். சரி சரி என்றார்கள். போட்டவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் என் கேமரா அந்தப் பக்கம் திரும்பக் காத்திருந்தார்கள்.

காயல் அகலமாக, அமைதியாக இருந்தது. ஞானசேகரன் சார் நடு நாற்காலியில் உட்கார்ந்து தண்டபாணி கொண்டுவந்த பலாச்சுளையைத் தின்றுகொண்டிருந்தார். நான் முன்பக்கம், படகோட்டிக்கு அருகில் நின்றேன். அப்போது யாரோ, "அய்யோ, யானை! யானை குளிக்குது!" என்று கத்தினார்கள்.

இடது கரையில் ஒரு யானையைப் படுக்கப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் செல்போனைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடியது. படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. முதலில் சிரித்தார்கள். ஒரு நாற்காலி வழுக்கிக்கொண்டு போய்க் கம்பியில் இடித்தது. பிறகு கம்பிக்குக் கீழே இருந்த இடைவெளியில் தண்ணீர் உள்ளே வந்து அவர்கள் காலை நனைத்தது. சிரிப்பு நின்றது. ஒரு பெண் வீறிட்டாள்.

படகோட்டி, "ஓடல்லே! ஓடல்லே!" என்று கத்தினார், ஓடாதீர்கள் என்பதற்கு மலையாளம். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்கு அந்த முகத்திலேயே தெரிந்தது. இப்போது பயத்தில் எல்லோரும் ஒரே பாய்ச்சலாக வலப்பக்கம் ஓடி வந்தால் படகு இந்தப் பக்கம் புரளும். நின்றாலும் ஆபத்து, ஓடினாலும் ஆபத்து. மெதுவாக நடுவுக்கு வர வேண்டும், வந்து உட்கார வேண்டும். பயந்த கூட்டத்துக்கு அதை எப்படிச் சொல்வது? "பயப்படாதீங்க" என்று சொன்னால் அந்த நிமிடமே பயப்படுவார்கள்.

நான் கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினேன். விழா மேடையில் கொடுக்கிற குரலைக் கொடுத்தேன்.

"குரூப் போட்டோ! எல்லாரும் அவங்கவங்க எடத்துக்கு வாங்க! சார், நாற்காலில உக்காருங்க! பசங்கெல்லாம் தரையில! ஓடாம வாங்க, படம் ஆடிடும்!"

நீங்கள் நம்ப மாட்டீர்கள். வந்தார்கள். முகத்தில் ரத்தம் இல்லை, ஆனால் போக வேண்டிய இடம் காலுக்குத் தெரிந்திருந்தது. ஞானசேகரன் சார் நாற்காலியை இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்தார். ஆபீசர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். தண்டபாணியும் மற்றவர்களும் பின்னால் வந்து நின்றார்கள். குழந்தைகள் சம்மணம் போட்டார்கள். வாழ்நாள் முழுக்க நான் திட்டிய வரிசை, இடிக்காமல், தள்ளாமல், கண் மூடித் திறப்பதற்குள் படகின் நடுவில் வந்து நின்றது. இடப்பக்கக் கம்பி மெல்லத் தண்ணீரை விட்டு மேலே எழத் தொடங்கியது.

அப்போதுதான் வேலுவைப் பார்த்தேன்.

குரூப் போட்டோ என்று நான் சொன்னதும் எல்லோரும் உள்ளே வந்தார்களே, அவர் மட்டும் பழக்கப்படி வெளியே போய்விட்டார். தாழ்ந்த பக்கத்துக் கம்பியோரம், தண்ணீரில் கால் நனைய நின்றுகொண்டு, என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். "குடுங்கக்கா, நான் எடுக்கறன்." அப்பா நிற்காத படத்தில் நான் நிற்க மாட்டேன் என்ற இனியாவும் குழந்தைகள் வரிசையிலிருந்து எழுந்து அவரிடம் ஓடி, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

படகோட்டி என் தோளைத் தட்டிக் கையால் காட்டினார். சாய்ந்த படகு நிமிரும்போது ஒரு உதறு உதறும். உதறினால் விளிம்பில் நிற்கிறவர்கள் தண்ணீரில். கம்பி முழங்கால் உயரம்தான். பின்னால் எஞ்சின் சுற்றிக்கொண்டிருந்தது.

"வேலு, உள்ள வாங்க!"

"நான் எதுக்குக்கா, நீங்க எடுங்க..."

இளம் நண்பர்களே, நம் தொழிலில் முடிவெடுக்க அரை நொடிதான் கிடைக்கும் என்று சொல்வார்கள். எனக்கு அதுகூடக் கிடைத்ததாக ஞாபகம் இல்லை. 'ஆபத்து, ஓடி வா' என்று கத்தினால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். 'சும்மா வந்து நில்லுங்க' என்றால் அவர் வரமாட்டார். எங்கே நிற்பது என்று தெரியாத மனிதருக்கு ஒரு இடத்தைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இருக்கிற இடமெல்லாம் இன்னொருவருடையது.

"வேலு, நடு நாற்காலி ஒங்களுக்கு! பொண்ணத் தூக்கிகினு மெதுவா வந்து உக்காருங்க!"

நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி அந்தக் குழந்தையைப் பார்த்தார். அடுத்து அவர் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் அவர் மேல் எனக்கு மரியாதை வருகிறது. எழுந்து நிற்காமல், நாற்காலியிலிருந்து அப்படியே முன்னால் வழுக்கி, அந்தக் கனத்த உடம்போடு குழந்தைகளுக்கு நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காலியான நாற்காலியைக் கையால் தட்டினார்.

"ஏ வேலு, இங்க வாடே. ஒனக்குத்தான் போட்டுருக்கு. பிள்ளையத் தூக்கிட்டு மெள்ள வா."

வேலு இனியாவைத் தூக்கினார். ஒவ்வொரு அடியாக வைத்து ஏறி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த அந்தக் கணத்தில் நான் அழுத்தினேன். அழுத்தாமல் இருந்தால் எல்லாம் நடிப்பு என்று தெரிந்துவிடும். அழுத்திய கையோடு படகு ஒரு உதறு உதறியது. யாரோ கழற்றிப் போட்டிருந்த மிதவைச் சட்டை ஒன்று கம்பியைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தது, வேலு நின்றிருந்த அதே இடத்தில்.

"அசையாதீங்க, இன்னொண்ணு. அமுதா, சிரிம்மா. இன்னொண்ணு." கரை வந்து சேரும்வரை எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. போட்டோக்காரி "ஆச்சு" என்று சொல்லாமல் கலைகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

கரையில் இறங்கியதும் அழுதவர்கள் அழுதார்கள், சாமி கும்பிட்டவர்கள் கும்பிட்டார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஞானசேகரன் சாரைப் படகின் தரையிலிருந்து தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. "எடம் குடுத்தவனத் தூக்கிவிட ஒரு பய இல்லயேடே" என்று அவர் சத்தம் போட்டார், அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. வேலு மட்டும் தண்ணீரில் தூரமாக மிதந்து போன அந்த ஆரஞ்சுச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அமுதா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் கடற்கரையில் இன்னொரு குரூப் போட்டோ எடுத்தோம். கடல் நேர்க்கோடாக, வெளிச்சம் பதமாக, நல்ல படம். நடுவில் மறுபடியும் ஞானசேகரன் சார்தான். ஒரே நாளில் உலகம் மாறிவிடும் என்று நினைக்கிற வயது எனக்குப் போய்விட்டது. வேலு என் பக்கம் இரண்டு அடி வந்தார். பிறகு இனியா சட்டையை இழுக்கவும் திரும்பிப் போய்ப் பின்வரிசையின் கடைசியில் நின்றார். ஓரம்தான். ஆனால் கையை நீட்டவில்லை.

ஊருக்கு வந்ததும் இரண்டு படத்தையும் எல்லோருக்கும் அனுப்பி, எதைப் பெரிதாகப் போட வேண்டும் என்று கேட்டேன். ஒவ்வொரு வீடாகப் படகுப் படத்தையே கேட்டார்கள். ஞானசேகரன் சாருக்கு அதில் வழுக்கைத் தலையும் ஒரு கன்னமும்தான் தெரியும். "சார், கடற்கரைப் படத்துல நல்லா இருக்கீங்களே" என்று சொல்லிப் பார்த்தேன். "நான் எடம் விட்ட படம்லா அது, அதப் போடும்மா" என்றார். இப்போது அவர் சொந்த ஊரில் அதை மாட்டியிருக்கிறாராம். வருகிறவர்களிடம் படகைக் காப்பாற்றியதே அவர்தான் என்று கதை சொல்கிறாராம். சொல்லட்டும், பாதி உண்மைதானே.

நேராக்குவதைப் பற்றிக் கேட்டீர்கள். கம்ப்யூட்டரில் திருப்பிப் பார்த்தேன். திருப்பினால் நான்கு ஓரமும் வெட்டுப்படும் என்று உங்களுக்கும் தெரியும். வலது ஓரத்தில் அமுதா நிற்கிறாள். புருஷன் நாற்காலியில் உட்காருவதைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். தண்ணீர் நேரானால் அவள் போய்விடுவாள். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்துத் திருவதிகைக் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வேலு வீட்டுக்கும் போனேன். சின்ன வீடு. உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் படம். நாற்காலியில் வேலு, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இனியா, சுற்றிலும் மொத்த பிளாக்கும். ஆனால் சட்டம் கன்னாபின்னாவென்று ஒரு பக்கம் இறங்கித் தொங்கியது. சுவரில் பார்த்தால் ஆட்கள் எல்லோரும் சரிந்து நின்றார்கள். என் கை சும்மா இருக்குமா? அமுதா, "உக்காருங்கக்கா" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் போய்ப் பிடித்துவிட்டேன்.

"அத்த, தொடாதீங்க!" உள்ளேயிருந்து இனியா ஓடி வந்தாள்.

வேலு சிரித்தார். "நானும் நேரா மாட்டிகினே இருக்கறன்க்கா. நான் ஷிப்டுக்குப் போனதும் நாற்காலி போட்டு ஏறிக் கோணையாக்கி வச்சிடறா."

"ஏம்மா, கோணையா இருந்தா நல்லாவா இருக்கு?" என்றேன்.

அவள் படத்தில் இருந்த காயலை விரலால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை தடவிக் காட்டினாள். அவள் மாட்டிய விதத்தில் தண்ணீர் மட்டும் நேராக இருந்தது.

"படத்த நேரா மாட்டுனா தண்ணி சாயுது அத்த. அப்ப அப்பா வுழுந்துடுவாரு. இப்பப் பாருங்க, வுழ மாட்டாரு."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.